குடிக்காமல் உழுத மெசின்

என் டிராக்டர் மிகக் குறைவாகக் குடிக்கும் என்று அந்தப் புரட்டாதி மாதம் முழுக்க ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சங்கக் கடையில் சொன்னேன். கோயில் கிணற்றடியில் சொன்னேன். தேங்காய் வாங்கப் போன வீட்டில் ஒருவரும் கேளாமலே சொன்னேன். நாலு மணித்தியாலம் உழுதாலும் டீசல் முள் அசையாது, யப்பான்காரன் செய்தால் செய்ததுதான் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. பாலில் கால் கோப்பை குறைந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன். டீசல் குறையாமல் இருந்தது மட்டும் எனக்குப் புதினமாகப் படவில்லை.

அது சின்ன மெசின். பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் விட்டால் அதன் பிள்ளை மாதிரி நிற்கும். யப்பானில் யாரோ ஓட்டிப் பழசாக்கி, கப்பலில் வந்து, இரண்டு கைமாறி, அக்கராயனில் எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கீழ் வந்து சேர்ந்தது. இருக்கைக்கு முன்னால் சிவப்பு எழுத்தில் யப்பான் மொழியில் ஏதோ எழுதியிருந்தது. அது எச்சரிக்கை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு யப்பான் மொழி தெரியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் எச்சரிக்கையாகத் தெரிவது அவருடைய குணம்.

அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடையை விட்டு வந்தாரே தவிர, கடை அவரை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் உடுப்பை விடச் சவர்க்காரம் கூட. கட்டிலுக்குக் கீழே உப்பு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. நாட்டில் எங்கோ ஒரு அமைச்சர் தும்மினால் இவர் இரண்டு பக்கற் சீனி வாங்கிவிடுவார். டிராக்டரில் மட்டும் ஏறமாட்டார். நான் உழும்போது குடையும் தேத்தண்ணிப் போத்தலுமாக வரம்பில் வந்து குந்தியிருப்பார். சுற்றும்போதெல்லாம் நான் ஓட்டுவது சரியா என்று ஆட்களிடம் கேட்பதற்குத் தோதான இடம் அது.

எங்களுக்கு மூன்று ஏக்கர். என் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி கிடைத்த காலத்தில் வெட்டித் திருத்தியது. வாய்க்காலின் கடைசியில் கிடக்கிற காணி. தண்ணீர் வருவதும் கடைசி, வாடகை டிராக்டர் வருவதும் கடைசி. இங்கே மாரி மழையை நம்பிய காலபோகத்துக்குப் புழுதி விதைப்புத்தான். காய்ந்த நிலத்தைப் புழுதியாக உழுது, நெல்லை எறிந்து, மேலால் இன்னொரு தடவை மெதுவாக உழுது மண்ணால் மூடிவிட்டால் முதல் மழைக்கு முளைத்துவிடும். மழை முந்திக்கொண்டால் வயல் சேறாகி, நெல்லுக்கு முன் கோரையும் புல்லும் எழும்பிவிடும். போன வருடம் அப்படித்தான் ஆனது. பக்கத்து வயல்காரத் தம்பியிடம் பெரிய டிராக்டர் இருக்கிறது. "பின்னேரம் வந்து உழவு அடிச்சுத் தாறன் அக்கா" என்று சொன்னான். அவனுடைய அந்தப் பின்னேரம் பதினொரு நாள் கழித்து, மழையில் நனைந்துகொண்டு வந்தது. விளைந்ததில் பாதி புல்.

அதனால்தான் இந்த மெசினை வாங்கினேன். இந்த முறை மழைக்கு முன் மூன்று ஏக்கரையும் நானே உழுது, நானே விதைத்து, நானே மூடிவிட வேண்டும். யாருடைய பின்னேரத்துக்கும் காத்து நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை நான் வாயை மூடிக்கொண்டு செய்திருக்கலாம். ஆனால் ஊருக்கே சொல்லிவிட்டேன். தோற்றால் ஊருக்கே தெரியும்.

முதல் ஏக்கர் உழுது, விதைத்து, மூடி, பூப்போல முடிந்தது. இரண்டாம் ஏக்கர் உழுதுகொண்டிருக்கும்போதுதான் மெசின் முதல் தடவை இழுத்தது. சத்தம் தணிந்தது, பிறகு ஏறியது, பிறகு பெருமூச்சு விட்டமாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது. பத்து நிமிடம் இருக்க விட்டு முறுக்கினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. அரை மணித்தியாலத்தில் திரும்பவும் நின்றது.

நடு வயலில் டிராக்டர் நின்று, அதன்மேல் ஒரு பெண்ணும் இருந்தால், எங்கிருந்துதான் ஆண்கள் வருகிறார்களோ தெரியாது. குளத்துக்குக் குளிக்கப் போனவர் வந்தார். மாடு தேடிப் போனவர் மாட்டை மறந்துவிட்டு வந்தார். ஒருவர் பம்ப் போய்விட்டது என்றார். இன்னொருவர் இஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். பக்கத்து வயல்காரத் தம்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெசினைச் சுற்றி ஒரு வலம் வந்தான்.

"உது யப்பானிலை கழிச்சு விட்டது அக்கா. நான் பின்னேரம் வந்து அடிச்சுத் தாறன்."

"எந்தப் பின்னேரம் தம்பி? திகதி சொல்லு, கலண்டரிலை குறிச்சு வைக்கிறன்."

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். கெட்டவன் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் என்று சொல்லிப் பழகியவன்.

நெளுக்குளத்தில் கல்யாணம் கட்டியிருக்கிற மகள் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். எந்த நாட்டுக்காரனோ தெரியாது, அவனுடைய கதை எனக்கு விளங்கவில்லை, கை விளங்கியது. டீசல் வருகிற பைப்பை மூடுகிறான். இஞ்சின் பக்கத்தில் தொங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தின் வளையத்தைக் கழற்றுகிறான். உள்ளேயிருந்து கடதாசி மடித்துச் செய்த ஒரு உருளை வருகிறது. அதுதான் பில்டர். டாங்கிலிருந்து வருகிற டீசலை வடித்து இஞ்சினுக்கு அனுப்புகிற சாமான். நானும் அப்படியே கழற்றினேன். அவனுடைய பில்டர் மஞ்சளாக இருந்தது. என்னுடையது கருவாட்டுச் சட்டியின் அடிபோல இருந்தது. கறுத்த ஒரு கூழ் அதில் அப்பியிருந்தது, விரலில் வழுக்கியது.

கழுவி, காய வைத்து, திரும்பப் பூட்டி, காற்று எடுத்தேன். காற்று எடுப்பதென்றால் மேலே இருக்கிற சின்ன ஆணியைக் கொஞ்சம் இளக்கிவிட, டீசல் நுரைத்துக்கொண்டு வரும், நுரை நின்றதும் இறுக்கிவிடுவது. அவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். குடை எனக்கு இல்லை, மெசினுக்கு. ஓடத் தொடங்கியதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"நான் சொன்னனான் தானே. டாங்க் நிறைய டீசல் இருந்தா மெசினுக்கு ஒண்டும் வராது."

அதை அப்போது நான் கவனிக்கவில்லை. டாங்க் நிறையத்தான் இருந்தது. யப்பான்காரனை மனதுக்குள் இன்னொரு தடவை மெச்சினேன்.

கழுவிய பில்டர் ஒரு நாள் தாங்கியது. கிளிநொச்சியில் அந்த அளவு கிடைக்கவில்லை. மல்லாவியில் பழைய யப்பான் மெசின்களுக்குச் சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்து கடை போட்டவர். ஸ்கூட்டியில் போனேன். பார்த்தவுடனே அளவைக் கண்டுபிடித்து இரண்டு பில்டர் எடுத்து வைத்தார்.

"ஒண்டு காணும் நானா, ரெண்டு வேண்டாம்."

"மற்றது அடுத்த தடவைக்கு தங்கச்சி."

"அடுத்த வருசத்துக்கோ?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு இரண்டையும் பையில் போட்டார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

புதுப் பில்டரோடு இரண்டாம் ஏக்கரை முடித்தேன். மூன்றாவதையும் உழுதேன். வானம் அதுவரை நீலமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் விடியக் கடைசி ஏக்கருக்கு நெல்லை எறிந்துவிட்டு, மூடுவதற்கு மெசினை இறக்கினேன். இரண்டு வளையம்கூட முழுசாகச் சுற்றவில்லை, நின்றுவிட்டது. அடுத்த வருடத்துப் பில்டரை அன்று காலை பத்து மணிக்கே போட்டேன். பதினொன்றரைக்கு அதுவும் அடைத்தது.

எறிந்த நெல் வெறும் மண்ணின்மேல் கிடக்கிறது. புறாவும் கிளியும் சொல்லாமலே வந்துவிட்டன. என் வீட்டுக்காரர் குடையை விரித்தும் மடக்கியும் அவற்றைக் கலைத்துக்கொண்டு வயலுக்குக் குறுக்கும் மறுக்கும் நடந்தார். தெற்கே மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மழைக் கருக்கல் எழும்பி நின்றது. விதை நெல் முழுவதும் அந்த மண்ணில்தான், வீட்டில் மிச்சம் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அது எப்போதும் எனக்கு முதலில் வரும்.

ஆத்திரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். பெற்றோல் செட்டுக்காரன்தான் டீசலில் தண்ணீர் கலக்கிறான் என்று முடிவெடுத்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்த கறுப்பை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி எடுத்துக்கொண்டு நேராகச் செட்டுக்குப் போனேன். அங்கே நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்கத்தக்கதாகப் போத்தலைத் தூக்கிக் காட்டி, "இதைத்தான் ஊருக்கு விக்கிறியளோ?" என்று கேட்டேன்.

பம்பில் நின்ற பெடியன் ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலைக் கழுவித் துடைத்து, என் முன்னாலேயே அதற்குள் டீசலை அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். தேன் மாதிரி இருந்தது.

"அக்கா, இதுக்குள்ளாலை உங்கட முகமும் தெரியுது, பாருங்கோ" என்றான்.

தெரிந்தது. பார்க்கக் கூடிய முகமாக இருக்கவில்லை. ஜாம் போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீதியில் நிறுத்தி மல்லாவி நானாவுக்குப் போன் எடுத்தேன். நாளைக்குக் காலையில் தானே வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு சாக்குப் பையில் மெசின் கழற்றுகிற ஆயுதங்கள், ஒரு சைக்கிள் பம்ப், போத்தலில் சுத்தமான டீசல். பக்கத்து வயல்காரத் தம்பியும் வேடிக்கை பார்க்க வந்து வரம்பில் நின்றான். நானா கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். கறுப்பை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு கேள்வி, கோவிக்கக் கூடாது. இது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குது?"

நான் எனக்குத் தெரிந்த பிரசங்கத்தைத் தொடங்கினேன். நாலு மணித்தியாலம், முள் அசையாது, யப்பான்காரன். அவர் மரியாதையாக முழுவதையும் கேட்டு முடித்தார்.

"தங்கச்சி, குடிக்காம உழுற மெசினை யப்பான்காரனும் இன்னும் செய்யல்ல. செஞ்சிருந்தா நான் கடையைப் பூட்டியிருப்பன். உங்களுக்குத் தெரியாம யாரோ ஊத்துறாங்க."

அந்த நேரம் என் வீட்டுக்காரர் நானாவுக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி சீனி போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. சங்கக் கடைக் காலத்தில் ஊருக்கே சீனி அளந்து கொடுத்த கை அது.

"ஐயா, காணும். இப்பவே பாயாசம்" என்றார் நானா.

நான் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் வானத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ. நீங்களோ ஊத்தினது?"

"கொஞ்சம்தான். ஒவ்வொரு நாளும் விடிய ஒரு கான்."

"எங்கத்தை டீசல்?"

"எங்கட பரல்."

"அந்தப் பரலை வித்துப்போட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்? இந்தத் தம்பிக்குத்தான் வித்தது எண்டு."

"எனக்கோ? எப்ப மனேச்சர் அண்ணை?" என்றான் பக்கத்து வயல்காரன். அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான், பாவம்.

நாலு பேரும் வரம்பில் வரிசையாக வீட்டுக்கு நடந்தோம். பசளை வைக்கிற கொட்டிலுக்குப் பின்னால், பழைய தகரமும் விறகும் மூடிய ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல். நாடு முழுக்க டீசலுக்கு இரவும் பகலும் வரிசை நின்ற காலத்தில் இவர் ஒவ்வொரு கானாகச் சேர்த்தது. இது வீட்டுக்குக் கூடாது, விற்றுவிடுங்கோ என்று நான் அப்போதே சண்டை பிடித்தேன். இவர் விற்றுவிட்டதாகச் சொன்னார், நான் நம்பினேன், பிறகு அந்தப் பக்கம் விறகு எடுக்கப் போனதே இல்லை. விறகு அவரே எடுத்துத் தருவார். எவ்வளவு நல்ல மனிதன் என்று அதையும் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பரலின்மேல் ஒரு கறுத்த துணி நாலாக மடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கரையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்த வேட்டி. கொடியிலிருந்து காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

நானா ஒரு தடியைப் பரலின் அடிவரை விட்டு எடுத்தார். தடியின் நுனியில் கறுத்த பாசி, ஜெலியைப் போலத் தொங்கியது.

"மூடியால மழைத்தண்ணி இறங்கி அடியில நிக்குது. டீசல் மேலே, தண்ணி கீழே. ரெண்டும் சேருற இடத்தில இந்தப் பாசி வளரும். மேல் டீசல் இருக்கிற வரைக்கும் மெசின் ஓடியிருக்கும். அடி வர வர அடைச்சிருக்கும்."

"நான் சும்மா விடேல்லை நானா, நாலு மடிப்பு வேட்டியாலை வடிச்சுத்தான் விட்டனான்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்திருந்தது.

"ஐயா, வேட்டி தண்ணியை மறிக்குமா? அதில இருந்து நூலும் பஞ்சும் வேற போயிருக்கு."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. யுத்தத்தில் எரிபொருள் வராத தடைக் காலத்தில் இந்த வன்னி முழுக்க மண்ணெண்ணெயைத் துணியில் வடித்துத்தான் எதையும் ஓட்டியது. மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு போன ஊர் இது. அன்று வடித்த கைகள் இன்றும் தாமாகவே வடிக்கின்றன. மெசின் நிற்க நிற்க, டீசல் காணாதாக்கும் என்று இவர் இன்னும் கூடுதலாக ஊற்றியிருக்கிறார். நான் கழற்றிக் கழுவக் கழுவ, இவர் விடியப்புறம் எழும்பி அடைத்துக்கொண்டிருந்தார்.

நானா வயலுக்குத் திரும்பி டாங்கை இறக்கத் தொடங்கினார். நான் இவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். ஆட்களுக்கு முன் பேசக்கூடாது என்பதற்காகச் சாத்தினேன். பேசிய சத்தத்துக்கு அந்தக் கதவு ஒரு பொருட்டே இல்லை என்று பிறகு பக்கத்து வயல்காரன் சொன்னான். விதை நெல்லைப் புறா தின்கிறது, மழை வந்து நிற்கிறது, ஊருக்கு முன் நான் செட்டில் நின்று அவமானப்பட்டேன், எல்லாம் உங்களுடைய இந்தக் கண்டறியாத சேமிப்பால் என்று கொட்டித் தீர்த்தேன்.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உமக்கு நடு வழியிலை டீசல் முடியக்கூடாது எண்டுதான்."

அந்தச் சொல் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கடைசி இடப்பெயர்வில் எங்களிடம் ஒரு லாண்ட் மாஸ்டர் இருந்தது, கையால் பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மெசின். பின் பெட்டியில் வீடு முழுவதையும் ஏற்றியிருந்தோம். புறப்பட முதல், சங்கத்தில் இருந்த டீசலை இவர் பட்டியல் போட்டு எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். தனக்கென்று ஒரு போத்தலும் எடுக்கவில்லை. மனேச்சர் எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருடைய பயம். பாதி வழியில் மெசின் வற்றி நின்றது. பெட்டியோடு அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். மகளை இவர் தோளில் வைத்திருந்தார். நெல் மூட்டை, தையல் மெசின், கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த வீதியிலேயே போயிற்று. அவற்றை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் எதுவும் முடிவதில்லை.

இதையெல்லாம் நான் அறியாதவள் இல்லை. ஆனால் கோபம் அப்படியே தணிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் மிச்சம் இருந்தது. "போய் நல்ல டீசல் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று கத்தினேன். "அந்தப் பரலை என்ர கண்ணிலை காட்டக் கூடாது."

அவர் போவதற்கு முன் தானே பரலைச் சரித்தார். கறையான் அரிக்கிற வேலிக் கட்டைக்கெல்லாம் கான் கானாக ஊற்றினார். மூன்று வருடமாகக் காத்த டீசல் ஒரு கால் மணித்தியாலத்தில் வேலிக்குப் போய்விட்டது. பிறகு இருபது லீற்றர்க் கானைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு செட்டுக்குப் போனார்.

நானா டாங்கைக் கழுவி, பைப்புக்குள் சைக்கிள் பம்பால் காற்று அடித்தார். உள்ளே அடைத்திருந்த கறுப்பு உருண்டை பொத்தென்று வெளியே விழுந்தது. அதில் வெள்ளை நூல் இரண்டு நீட்டிக்கொண்டு நின்றது. தன் கடையிலிருந்து கொண்டுவந்த பில்டரைப் போட்டுவிட்டு, "இது அடுத்த வருசத்துக்குத்தான்" என்றார். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி வர ஒரு மணியாகிவிட்டது. கானைத் தூக்கி டாங்கில் பாதியை விட்டார். மிச்சத்தை இறுக மூடி, வரம்பில் ஒரு பற்றைக்குள் கொண்டுபோய் வைத்தார். "அது இருக்கட்டும்" என்றார். நான் மெசினில் ஏறினேன்.

மெசின் பாடிக்கொண்டு ஓடியது. ஒரு தடவையும் இழுக்கவில்லை. வளையம் வளையமாக நெல் மண்ணுக்குள் போனது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த டீசல் முள் இறங்குவதையும் பார்த்தேன். சரியாக மற்ற எல்லா மெசினையும்போல இறங்கியது. மூன்று மணிக்குத் தெற்குக் கருக்கல் குளத்துக்கு மேலே வந்துவிட்டது. தும்பிகள் தலைக்கு மேல் தாழ்வாகப் பறந்தன. நாலு மணிக்கு இன்னும் ஐந்து வளையம் மிச்சம், முள் சிவப்பில் கிடந்தது. டாங்க் வற்றினால் பைப்புக்குள் காற்று ஏறும். காற்றை எடுத்து முடிக்க முதல் மழை விழும். வெளியே கிடக்கிற நெல் வெள்ளத்தோடு வாய்க்காலுக்குப் போகும்.

நான் கூப்பிடவில்லை. அந்தக் கான் அவருக்கு என்னவென்று காலையில்தான் எனக்கு இன்னொரு தடவை ஞாபகம் வந்திருந்தது. முடிந்தமட்டும் ஓட்டுவோம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வரம்பைத் திரும்பிப் பார்த்தபோது அவர் பற்றைக்குப் பக்கத்தில் கானோடு நின்றார். முள்ளை அவரும் கணக்குப் போட்டிருக்கிறார். நிற்கிறார், நிற்கிறார். பிறகு ஓடி வந்தார். புழுதிக்குள் செருப்புக் கழன்று விழ, சாரத்தை ஒரு கையாலும் கானை மறு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கல்யாணம் கட்டிய நாள் முதல் அந்த மனிதன் ஓடி நான் பார்த்ததில்லை, பஸ்ஸுக்குக்கூட.

இஞ்சினை நிற்பாட்டாமலே டாங்கைத் திறந்து தந்தேன். ஊற்றினார். பாதியில் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கானைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனி வீட்டிலை ஒரு சொட்டும் இல்லை" என்றார்.

"ஓம்" என்றேன். வேறு எதுவும் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதுகொண்டு வளையம் நேராகச் சுற்ற முடியாது.

ஐந்து வளையமும் முடிந்து மெசினை வீதிக்கு ஏற்றும்போது முதல் துளி விழுந்தது. பக்கத்து வயல்காரத் தம்பி தன் பெரிய டிராக்டரில் இருந்து கையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு இன்னும் ஒன்றரை ஏக்கர் மிச்சம். "தம்பி, நான் பின்னேரம் வந்து அடிச்சுத் தரவோ?" என்று கேட்டேன். கேட்காமல் விட நான் என்ன புனிதவதியா?

மழை நல்ல மழை. விறாந்தையில் கதிரையைப் போட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவரும் சந்தோசமாகத்தான் இருந்தார், ஆனால் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போவார், வருவார். திரும்பப் போவார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, கவிழ்த்து வைத்த பரல்தான். மூன்றாம் தடவை போய்விட்டு வந்து, "மழை பெய்யுது" என்று எனக்குச் சொன்னார்.

அடுத்த நாள் காலை மழை விட்ட இடைவெளியில் ஸ்கூட்டியை எடுத்தேன். செட்டில் அதே பெடியன் நின்றான். "அக்கா, போத்தல் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டான். நல்லாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இருபது லீற்றர்க் கானை நிரப்பி, மூடியை இறுக்கி, பொலித்தீன் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

அவர் கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வயல் முடிஞ்சுது தானே. இது என்னத்துக்கு?"

"இது வயலுக்கு இல்லை. உங்களுக்கு. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா நான் எடுத்துக்கொண்டு புதுசு வைப்பன். நீங்கள் மெசினுக்கு ஊத்தினால் மட்டும் கையை முறிப்பன்."

அவர் குந்தியிருந்து மூடியைத் திறந்து முகர்ந்தார். திரும்ப மூடினார். கானைக் கொஞ்சம் தூக்கிப் பாரம் பார்த்தார். சங்கக் கடையில் மூட்டையைப் பாரம் பார்க்கிற அதே தூக்கு.

"இது எவ்வளவு தூரத்துக்குக் காணும்?" என்று கேட்டார்.

"வயலுக்குப் போய் வரக் காணும்" என்றேன். "விதைச்சுப்போட்டமெல்லோ. இனி நாங்கள் வேறை எங்கை போகப் போறம்?"